யோகா நெட்: 'நேராக உட்கார்' என்று எந்த நூல் சொல்கிறது?

நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) யோகா பாடத்துக்கு எழுதியிருந்தேன், ரிசல்ட் வந்துவிட்டது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்கவில்லை. பாதி நிம்மதி, பாதி கடுப்பு. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முதல் தாளுக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது இரண்டாம் தாளின் மூலநூல் பகுதியை மட்டும்.

எனக்கு மனப்பாடம் வராது. நான் போன பயிற்சி மையத்தில் நூல்வாரியாகச் சுலோக எண்களை ஒப்பிக்க வைத்தார்கள். ஹடயோக நூலான ஹடயோக பிரதீபிகைக்கு வருவதற்குள் கீதை பறந்துவிடும். அதனால் நூல் வரிசையை விட்டுவிட்டு, ஒரு கருத்தை எடுத்து அது எங்கெங்கே, எப்படி வருகிறது என்று ஒரே பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். முதலில் எடுத்தது 'நேராக இருத்தல்'. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிடுங்கள்.

கீதை 6:13இல் 'ஸமம் காயசிரோக்ரீவம்' என்று வருகிறது. உடல், தலை, கழுத்து மூன்றும் ஒரே சீராக இருக்க வேண்டும். கூடவே 'அசலம்'. நேராக இருந்தால் போதாதா, அசையாமல் என்று தனியாக எதற்கு? சங்கரர் பாஷ்யத்தில் (உரையில்) பதில் இருக்கிறது: நேராக இருந்துகொண்டே ஒருவன் அசையலாம், அதனால்தான். நான் பார்த்த யோகா வகுப்புகளில் பாதிப் பேர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள்! அதே சுலோகம் மூக்கு நுனியைப் பார்க்கச் சொல்கிறது, அதையும் 'பார்ப்பதுபோல' என்றே கொள்ளச் சொல்கிறார் சங்கரர். நிஜமாகவே மூக்கைப் பார்த்தால் மனம் மூக்கிலேயே நின்றுவிடுமாம். கூற்று-காரணம் கேள்விகளுக்கு இந்த இரண்டு குறிப்பும் தங்கம்.

சுவேதாசுவதர உபநிஷத் 2:8 'த்ரிருன்னதம்' என்கிறது, அதாவது மூன்று உறுப்புகள் நிமிர்ந்திருக்க வேண்டும். எந்த மூன்று என்று மந்திரம் பெயர் சொல்லவில்லை. உரைதான் மார்பு, கழுத்து, தலை என்கிறது. 1896இல் வந்த 'ராஜயோக'த்தில் விவேகானந்தர் சொல்வதும் இதே மூன்றுதான். கீதையில் மார்பு என்ற சொல் கிடையாது, அங்கே 'காயம்'. விடைத் தெரிவுகளில் இரண்டையும் கலந்து வைத்தால் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குவார்கள்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு வாருங்கள். 2:46 'ஸ்திரசுகமாஸனம்'. உறுதி இருக்கிறது, சுகம் இருக்கிறது, நேர் என்ற பேச்சே இல்லை. 2:47 முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறது, அனந்தத்தில் (முடிவற்றதில்) ஒன்றச் சொல்கிறது. 2:48இல் பலன்: குளிர்-வெப்பம் போன்ற இருமைகள் தாக்காது. இதற்கு உரை எழுதிய வியாசர் தரும் ஆசனப் பட்டியலில் தண்டாசனம் உண்டு, யானையும் ஒட்டகமும் உட்காரும் விதங்களும் உண்டு. கடைசியில் 'யதாசுகம்' (சுகமாக இருக்கிறபடி) வேறு. முதுகை நிமிர்த்துவது பதஞ்சலியின் இலக்கணம் என்று யாராவது சொன்னால் சூத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஹட நூல்களில் இது ஒரு குறிப்பிட்ட ஆசனத்தின் வரையறைக்குள் வருகிறது. பிரதீபிகை 1:19, ஸ்வஸ்திகாசனம்: 'ருஜுகாய: ஸமாஸீன:', அதாவது உடலை நேராக வைத்து உட்கார்ந்தவன். கேரண்டர் சொன்ன ஹட நூலான கேரண்ட சம்ஹிதையிலும் ஸ்வஸ்திகாசனத்துக்கு இதே சொற்கள். வித்தியாசம் வரிசையில்தான்:

- பிரதீபிகை: 15 ஆசனங்கள், ஸ்வஸ்திகம் முதலாவது
- கேரண்டர்: 32 ஆசனங்கள், ஸ்வஸ்திகம் ஆறாவது
- பிரதீபிகை 1:17 சொல்லும் ஆசனப் பலன்: உறுதி, நோயின்மை, உடல் இலகு

இனி ஆர்ஜவம். இது நடத்தையின் நேர்மை, 'ருஜு' (நேர்) என்பதிலிருந்தே வருவது. பிரதீபிகையிலும் சாண்டில்ய உபநிஷத்திலும் பத்து யமங்களில் (ஒழுக்க விதிகளில்) ஒன்று. பதஞ்சலியின் ஐந்தில் இல்லை. கீதையில் 13:7, 16:1, 17:14, 18:42. (அர்ஜுனன் கேள்வியோடு 13ஆம் அத்தியாயம் தொடங்கும் பதிப்பில் 13:8 ஆகிவிடும். உங்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) 'முதுகு நிமிர்ந்தால் மனசும் நிமிரும்' என்று மேடையில் கைதட்டல் வாங்கும் வசனத்தை இதோடு ஒட்டவைக்காதீர்கள். 17:14 ஆர்ஜவத்தை உடலால் செய்யும் தவத்தில் சேர்க்கிறது, உண்மைதான். ஆனால் தூய்மை, பிரம்மசரியம், அகிம்சையோடு சேர்த்து. உட்காரும் முறை பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

பிரம்மசூத்திரம் 4.1.7 முதல் 4.1.10 வரை ஒரு பார்வை போதும்: உட்கார்ந்தே தியானம், அசையாமை முக்கியம்.

உடற்கூறிலும் இதே பக்கம் கைகொடுக்கும். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 முள்ளெலும்புகள், ஒவ்வொரு பகுதிக்கும் இயல்பான வளைவு உண்டு. நேராக உட்காருவது என்றால் அந்த வளைவுகளைக் காப்பாற்றுவது, கம்பிபோல் விறைப்பது இல்லை. இடுப்பு பின்னால் சரிகிறவர்கள் ஒரு போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்து படியுங்கள். நான் அப்படித்தான் படித்தேன். சோபாவில் சாய்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

இந்தப் பக்கம் முடிந்ததும் அடுத்ததற்கு மிதாகாரத்தை (அளவான உணவை) எடுங்கள். கீதை 6:16-17 அளவு சொல்லும். பிரதீபிகை வயிற்றில் கால் பங்கைக் காலியாக விடச் சொல்லும். கேரண்டர் ஐந்தாம் அத்தியாயத்தில் பாதி உணவுக்கு, கால் தண்ணீருக்கு, கால் காற்றுக்கு என்று கணக்கே கொடுத்துவிடுவார்.