இரண்டாம் பாகத்துப் பேயும் மூன்று தலைமுறையும்

'டிமான்ட்டி காலனி' பேய்ப் படத்தின் முதல் பாகம் 2015-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2024-ல். முதல் படத்தின்போது பத்து வயதாக இருந்த பையன் இரண்டாவதற்குக் கல்லூரிக் கூட்டாளிகளோடு வந்து நிற்கிறான். 'அரண்மனை' முதல் இரண்டு பாகங்களுக்கு (2014, 2016) நடுவே முழுதாக இரண்டு வருடம்கூட இல்லை. அரங்கின் குணத்தை இந்த இடைவெளிதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சீக்கிரம் வந்தால் பழைய கூட்டமே திரும்பி வந்து காட்சிக்குக் காட்சி ஒப்பிடும். ஒன்பது வருடம் கழித்து வந்தால், பலர் முதல் பாகத்தை டிவியிலோ போனிலோ, விளக்கு எரிய, விட்டு விட்டுப் பார்த்தவர்கள். பழைய கதையை நினைவூட்டும் காட்சிகளில் ஒரு வரிசை போனை எடுக்கும், அடுத்த வரிசை "இவரு யாருங்க?" என்று பக்கத்தில் கேட்கும்.

கோவையில் முதல் நாள் என்றால் கல்லூரிப் பிள்ளைகள்தான். அலறிய மறுகணம் சிரிப்பார்கள். அது கேலியல்ல, தூக்கிப்போட்ட உடம்பு, ஆபத்தில்லை என்று தெரிந்ததும் இறுக்கத்தை அப்படித்தான் விடும். ஆனால் அந்தச் சிரிப்பு அடுத்த நாலைந்து விநாடி வசனத்தை விழுங்கிவிடும். அதிர்ச்சிக்குப் பின் பேச்சில்லாத ஒரு ஷாட்டை விட்டுவைக்கிற எடிட்டர் கெட்டிக்காரர். முதல் பாகத்தின் உத்தியும் இவர்களுக்கு மனப்பாடம். இசை நின்று கேமரா மெல்லக் கண்ணாடிப் பக்கம் திரும்பினாலே தயாராகிவிடுவார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று மூச்சு விடும் நேரத்தில் அடித்தால் பலிக்கும். அதே படத்தில் மறுபடி செய்தால் பலிக்காது.

குழந்தைகள் விஷயத்தில்தான் இரண்டாம் பாகம் உண்மையிலேயே கெடுதல் செய்யும். ஏழெட்டு வயதுக்குக் கீழே உருவம்தான் பயம். "அது மேக்கப்பு கண்ணு" என்று சொல்லி அந்த வயதில் பயனில்லை. கண்ணைப் பொத்தினாலும் காது திறந்திருக்கும், பாதிப் பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. காதையும் சேர்த்துப் பொத்த வேண்டும். பத்து வயதுக்கு மேல் 'நம்ம வீட்டுல நடந்தா?' என்பது பயம். அரங்கில் அழ மாட்டார்கள், ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டார்கள். முதல் பாகம் பார்த்த பிள்ளையை "அதான் அழிஞ்சு போச்சில்ல" என்று தூங்க வைத்திருப்போம். அழிந்தது திரும்பி வந்துவிட்டதை இரண்டாம் பாகம் காட்டிவிடுகிறது. அந்தச் சமாதானத்தை இனிமேல் அந்தப் பிள்ளை நம்பாது. டிக்கெட் எடுக்கும் முன் சான்றிதழைப் பாருங்கள். இப்போது யு/ஏ-வில் 7+, 13+, 16+ என்று பிரிவு உண்டு. அது பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே, வாசலில் தடுக்க மாட்டார்கள். 18 வயதுக்குக் கீழே அனுமதியே இல்லை என்பது 'ஏ' படத்துக்குத்தான்.

அப்பாரு, அம்மாயி வயதுக்காரர்களுக்குப் படம் பிடிக்கவில்லை என்றால் முதலில் அரங்கின் கருவிகளைப் பாருங்கள். அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். திரையின் வெளிச்சம் 14 அடி-லாம்பெர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். புரொஜெக்டரில் ஆயுள் முடிந்த செனான் விளக்கை வைத்தே ஓட்டினால், இருட்டு மச்சில் நிற்கும் பேய் பேரனுக்கு மட்டும் தெரியும். காதிலும் இதே கதைதான். வயதானால் மேல் அதிர்வெண்கள் முதலில் போகும், கிசுகிசுப்பில் மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். ஆனால் திடீர்ச் சத்தம் இளையவர்களைவிட அதிகமாகவே உறுத்தும். "சத்தம் ஜாஸ்திங்க" என்று அவர்கள் சொன்னதும் ஆபரேட்டர் ஃபேடரை, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, 7-லிருந்து 5-க்கு இறக்குவார். ஏறத்தாழ ஆறரை டெசிபல் போய்விடும். திடீர்ச் சத்தத்தின் அடி இன்னும் அடியாகவே இருக்கும், கிசுகிசுப்பு மட்டும் ஏசி இரைச்சலுக்குள் முங்கிவிடும். முதலில் கேன்டீன் பக்கக் கதவைச் சாத்த வேண்டும், ஏசி குழாய் இரைச்சலைப் பார்க்க வேண்டும். பிறகு அரை அரையாக இறக்கி, மெதுவான வசனம் கடைசி வரிசையில் கேட்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் போய் நின்று பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் பேய்க்குப் பயப்படுவதைவிட அதன் வழக்கைத்தான் கேட்கிறார்கள். முனியப்பனுக்குக் கிடாய் வெட்டி, கன்னிமாருக்குப் பொங்கல் வைத்து வளர்ந்தவர்களுக்கு ஆவி புதிதல்ல. "போன படத்துலயே அவளுக்கு ஞாயம் கிடைச்சிருச்சே, மறுபடி எதுக்குங்க வந்தா?" இதற்குப் பதில் சொல்லாத இரண்டாம் பாகம் அவர்களிடம் தோற்றுவிடும். இந்தப் படங்களைப் பற்றி எழும் கேள்விகளிலேயே சரியான கேள்வி இதுதான் என்பது எங்கள் கருத்து.

எந்தக் காட்சிக்குப் போவது? திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிறையும். கூட்டம் அலற அலறப் பயம் நோம்பி (திருவிழா) மாதிரி ஆகிவிடும், இளவட்டத்துக்கு அது பொருத்தம். பெரியவர்களுக்கு வாரநாள் மதியக் காட்சி. குழந்தைகளுக்கும் மதியம்தான், வெளியே வரும்போது வெயில் இருக்கும், தூங்கப் போக நாலு மணி நேரமாவது மிச்சம் இருக்கும். உட்கார நடுவிலிருந்து சற்றுப் பின்னால் எடுங்கள். சுவரோர இருக்கை வேண்டாம், சரவுண்ட் ஸ்பீக்கர் காதருகே வந்துவிடும். குழந்தை இருந்தால் நடைபாதை ஓரம், உடனே தூக்கிக்கொண்டு எழுந்து வர வசதியாக. அப்படி வெளியே வந்த பிள்ளையை, பாட்டு வந்துவிட்டது என்று மறுபடி உள்ளே கூட்டிப் போகாதீர்கள்.