கல்லைப் படித்தாயா?

லத்தீன் மாஸ்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தி சென்ற மார்கழியில் தொலைபேசியில் வந்தது. அன்றிரவு எனக்கு நினைவில் வந்தவர் சீசரும் அல்ல, வேர்ஜிலும் அல்ல, ரோமானியக் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் ஹேவர்ஃபீல்ட். நூலகத்துக்குப் பின்னால் இருந்த நீள அறையில் படித்தவர்கள் இந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். சோக்கை வைத்துவிட்டு மாஸ்டர் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், மணி அடித்தாலும் நாங்கள் எழும்ப மாட்டோம்.

ஹேவர்ஃபீல்ட் 1860இல் பிறந்தவர். ஒக்ஸ்ஃபோர்ட் இறுதிப் பரீட்சையில் இரண்டாம் வகுப்புத்தான். மாஸ்டர் இதை ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வார். 1884 முதல் எட்டு ஆண்டுகள் லான்சிங் பள்ளியில் படிப்பித்தார். ரோமானியர் பிரித்தானியாவில் விட்டுச்சென்ற கல்வெட்டுகளைத் தேடிப் போய், பிறர் படித்ததை நம்பியிராமல் தாமே படித்தார். லத்தீன் கல்வெட்டுத் தொகுதியின் பிரித்தானியப் பகுதியில் புதியனவற்றைச் சேர்க்கும் பொறுப்பை ஜெர்மன் அறிஞர் மொம்சன் இந்தப் பள்ளி ஆசிரியரிடம் ஒப்படைத்தார். 1907இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் பேராசிரியரானார். வட இங்கிலாந்தில் பழைய ரோமானிய ஊர் இருந்த கோர்பிரிட்ஜில் மாணவர்களை அகழாய்வுக்குப் பழக்கினார். பிறகு போர் வந்தது. அவருடைய அருமை மாணவர் சீஸ்மன் 1915இல் கலிப்பொலியில் மாண்டார். அந்த இடத்தில் மாஸ்டரின் குரல் தாழ்ந்துவிடும். ஹேவர்ஃபீல்ட் 1919இல் இறந்தார். அவர் கனவு கண்ட, பிரித்தானியாவின் ரோமானியக் கல்வெட்டுகளின் பெருந்தொகுப்பின் முதற்பாகம் வெளிவந்தது 1965இல்தான்.

அதற்கு முந்திய ஆண்டு ஒருநாள் மாஸ்டர் என்னை எழுப்பினார்.

"நீ நயினாதீவுதானே?"

"ஓம் சேர்."

"நாகபூஷணி அம்மன் கோயிலில் இலங்கை அரசன் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கல் இருப்பதே தெரியாது.

"சீசர் ரைன் நதியில் பாலம் கட்டியதை வரிக்கு வரி சொல்கிறாய். உன் ஊர்க் கல்லைப் படிக்கவில்லை."

வகுப்பு முழுவதும் சிரித்தது. பாடம் முடியும்வரை நின்றேன். கால் வலிக்கவில்லை, காது எரிந்தது. மாஸ்டரே பிறகு சொன்னார்: யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு, வணிகச் சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டாரைக் காக்க, 12ஆம் நூற்றாண்டில் எழுதிய சட்டம் அது. "விடுமுறைக்குப் போகும்போது நீயே பார்த்து எழுதிக்கொண்டு வா," என்றார்.

வருகிறேன் என்றேன். அந்த விடுமுறை விளையாட்டில் போனது. அடுத்தது பரீட்சையில் போனது. 1971இல் லண்டனுக்குக் கப்பலேறினேன்.

கோர்பிரிட்ஜ் நூதனசாலைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ரோமானியக் கல்லில் தேய்ந்த எழுத்தைக்கூட என்னால் கூட்டிப் படிக்க முடிந்தது. படிக்கக் கற்றுத் தந்தவர் மாஸ்டர். அதை அவருக்கு எழுதியிருக்கலாம்.

மாஸ்டரின் கடைசிக் கடிதம் நடுங்கிய கையெழுத்தில் வந்தது. சுகம் விசாரித்துவிட்டு, கீழே தனி வரியாகக் கேட்டிருந்தார்: "கல்லைப் படித்தாயா?" பிள்ளைகளின் படிப்பையும் இங்கே விழுந்த பனியையும் பற்றி இரண்டு பக்கம் பதில் எழுதினேன். கல்லைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.