பெருஜாவின் புதைந்த தெருவும் எங்கள் கோட்டை வாசலும்

திருகோணமலையில் இத்தாலி என்று சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உழைப்புக்காக அங்கே போன உறவினர்தாம். சிசிலித் தீவின் பலேர்மோவில் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். எங்கள் குடும்பத்திலும் மாமா ஒருவர் நெடுங்காலமாக அங்கே இருக்கிறார். ஆகவே நான் படிப்பதற்காக இத்தாலிக்குப் போகிறேன் என்று சொன்னபோது உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்களுக்கு அது சற்று விநோதமாகவே பட்டது. மிலானோ என்றோ ரோம் என்றோ சொல்லியிருந்தால் அத்துடன் விட்டிருப்பார்கள். பெருஜா என்றதும், "அது எங்க பிள்ளை கிடக்கு?" என்று கேட்காதவர் இல்லை.

பெருஜா, ரோமுக்கும் புளோரன்சுக்கும் இடையில், கடலைத் தொடாத உம்பிரியா மாநிலத்தின் தலைநகர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 490 மீற்றர் உயரத்தில், ஒரு குன்றின் உச்சியிலும் அதிலிருந்து பிரியும் மேட்டு முதுகுகளிலும் பழைய நகரம் அமர்ந்திருக்கிறது. ரோமானியருக்கும் முந்திய எத்ருஸ்கர் கட்டிய மதிலின் பகுதிகள் இன்றும் வீடுகளுக்கிடையே நிற்கின்றன. 1308இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் ஒன்று இங்கே உண்டு; நான் சேர்ந்தது அதுவன்று. வெளிநாட்டவருக்கு இத்தாலிய மொழியையும் பண்பாட்டையும் கற்பிப்பதற்கென்றே 1921இல் தொடங்கிய வகுப்புகளிலிருந்து வளர்ந்த வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தில்தான் நான் மொழிப் பாடநெறியைப் படித்தேன். பெருநகரமொன்றில் படித்திருந்தால் இவ்வளவு விரைவாக மொழி வந்திருக்காது என்பது என் எண்ணம். மேல் நகரில் எல்லோரும் கொர்சோ வனுச்சி என்ற ஒரே நெடுந்தெருவில்தான் மாலையில் உலாவுகிறார்கள். காலையில் கோப்பி ஊற்றித் தந்தவரை மாலையில் அதே தெருவில் காணும்போது பேசாமல் கடந்துபோக முடியாது.

புகையிரத நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போவதற்கு, 2008இல் திறக்கப்பட்ட மினிமெட்ரோ என்ற, சாரதி இல்லாமல் கம்பிவடத்தால் இழுக்கப்படும் சிறு பெட்டிகள் உண்டு. இரவில் அவை நேரத்தோடே நின்றுவிடும். தொலைதூரப் பேருந்துகள் நிற்கும் பார்த்திஜானி சதுக்கத்திலிருந்து ஏறுவதற்கோ 1983 முதல் நகரும் படிக்கட்டுகள் இயங்குகின்றன. பெருஜாவைப் பற்றி நான் எழுத விரும்புவதில் பெரும்பகுதி இந்தப் படிக்கட்டுகளைப் பற்றியதுதான், ஏனென்றால் அவை ஒரு கோட்டையின் வயிற்றுக்குள்ளாக மேலேறுகின்றன.

1540இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், தம் ஆட்சிக்குட்பட்ட நகரங்களில் உப்பின் விலையை உயர்த்தினார். பெருஜா மறுத்துக் கிளர்ந்தது. பாப்பரசரின் படை வந்து நகரத்தைப் பணியவைத்தது. அதன்பின் நகரின் தென்முனையில், அதுவரை பெருஜாவில் அதிகாரம் செலுத்திய பல்யோனி குடும்பத்தாரின் மாளிகைகளும் அவற்றைச் சூழ்ந்திருந்த வீடுகளும் தேவாலயங்களும் இருந்த பகுதியைத் தெரிந்தெடுத்து, இளைய அந்தோனியோ தா சங்கால்லோ என்ற கட்டடக்கலைஞரைக் கொண்டு ரொக்கா பவோலினா என்ற பெருங்கோட்டையை எழுப்பினார்கள். மேற்பகுதிகளை இடித்தார்கள், கீழ்ச் சுவர்களை விட்டுவைத்து, தெருக்களுக்கு மேல் செங்கல் வளைவுகளைக் கட்டி மூடி, அவற்றையே கோட்டைக்கு அத்திவாரமாக்கினார்கள். பகைவரைக் காட்டிலும் நகர மக்களையே அச்சுறுத்த எழுந்த கோட்டை என்பதால், பெருஜா மக்கள் அதை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெறுத்தார்கள். 1848இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாப்பரசரின் ஆட்சி மீண்டதும் அது செப்பனிடப்பட்டது. 1860இல் பெருஜா புதிய இத்தாலிய அரசோடு இணைந்தபின், மேலே தெரிந்ததையெல்லாம் அகற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று இத்தாலியா சதுக்கமும், அசிசி நகரம் வரை பார்வை செல்லும் கார்தூச்சி பூங்காவும் உள்ளன. நிலத்துக்கு அடியிலோ மூடப்பட்ட பழைய தெரு அப்படியே இருக்கிறது. வீட்டு வாசல்கள், சந்திகள், ஒரு கோபுரத்தின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கிடையே, கையில் பையோடு அலுவலகம் போவோரும் மாணவரும் நாள்தோறும் நடக்கிறார்கள்.

கோயிலுக்குப் போவதென்றால் கோட்டைக்குள் நுழைந்துதான் போகவேண்டும் என்று பழகிய ஊரில் பிறந்தவளுக்கு இது வெறும் சுற்றுலாக் காட்சியாக இருக்கவில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டையே பின்னர் ஒல்லாந்தரிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறி, 1803 முதல் பிரெட்ரிக் கோட்டை என்று அழைக்கப்படுகிறது. அதன் வாசலில், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று கூறும் தமிழ்க் கல்வெட்டின் துண்டும் இணைக்கயல் சின்னமும் கல்லோடு கல்லாக நிற்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் பெரியவர்கள் காட்டியிருப்பார்கள். பெருஜாவிலும் அதே போன்றதொன்று உண்டு. கோட்டை கட்டும் வழியில் குறுக்கிட்ட போர்த்தா மார்ட்சியா என்ற எத்ருஸ்கர் வாயிலை சங்கால்லோ அழிக்கவில்லை. அதன் மேற்பகுதியைக் கழற்றி, புதிய கோட்டைச் சுவரின் முகப்பில் பதித்துவிட்டார். வெளியே நின்று பார்த்தால், பதினாறாம் நூற்றாண்டுச் செங்கற்சுவருக்குள்ளிருந்து, கிறிஸ்துவுக்கு முந்திய காலத்துச் சிற்பங்களும் குதிரைத் தலைகளும் தெருவை எட்டிப் பார்க்கின்றன. சங்கால்லோவின் செயலில் பழங்கலை மீதான மதிப்பு இருந்தது என்று எங்கள் ஆசிரியை சொன்னார். எங்கள் கோட்டை வாசலில் அந்தக் கல்லை வைத்த கைக்கு அப்படியொரு நோக்கம் இருந்ததா என்று அவர் திருப்பிக் கேட்டபோது, கட்டுமானத்துக்கு அது வசதியான கல்லாக இருந்திருக்கும் என்றே எனக்குச் சொல்லத் தோன்றியது.

வகுப்புகள் நடக்கும் கல்லெங்கா மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் எதிரே, கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு அளவிலான எத்ருஸ்கர் வளைவு நிற்கிறது. பின்னாளில் அகுஸ்துஸ் பேரரசனான ஒக்தாவியன் கி.மு. 40இல் பெருஜாவை முற்றுகையிட்டுப் பட்டினியால் வீழ்த்தினான்; நகரம் எரிந்தது; பிறகு அதைத் திருத்திக் கட்ட அனுமதித்து, வாயிலின் மேல் தன் பெயரோடு சேர்த்து நகரின் பெயரை வெட்டுவித்தான். எரித்தவனே பெயரையும் எழுதிக்கொண்டான். பாடம் முடிந்து அந்த வளைவின் கீழ்ப் படிகளில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வது மாணவரிடையே வழக்கம்.

எங்கள் வகுப்பில் தாத்தா பாட்டியின் மொழியை மீட்டுக்கொள்ள வந்த பிரேசில்காரர், இசை படிக்கப் போகுமுன் மொழி படிக்க வந்த சீன மாணவியர், ரோமுக்கு அனுப்பப்படவிருந்த குருமார், கன்னியர் ஆகியோர் இருந்தனர். கேரளத்துக் கன்னியாஸ்திரி ஒருவருக்குக் கொஞ்சம் தமிழும் வரும். விளங்காத இலக்கணத்தை இடைவேளையில் நாங்கள் பாதித் தமிழில் தீர்த்துக்கொண்டோம். ஒருநாள் ஆசிரியை எங்களைப் பேராலயத்துக்கு முன்னாலுள்ள பெரிய நீரூற்றடிக்கு அழைத்துப்போய், அதிலுள்ள ஒவ்வொரு சிற்பத்தையும் இத்தாலிய மொழியில் விவரிக்கச் சொன்னார். நிக்கோலா பிசானோவும் அவர் மகன் ஜியோவான்னியும் 1270களில் செதுக்கியது அது. ஊற்றுக்கான தண்ணீர் வெளியிலுள்ள பாச்சானோ மலையிலிருந்து கால்வாய் வழியாக வந்தது. அந்தக் கால்வாயின் மேற்பகுதி இப்போது வீடுகளுக்கிடையே உயரத்தில் செல்லும் நடைபாதையாகியிருக்கிறது. கீழ்த் தொட்டிக்கு 25 பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டாக 50 புடைப்புச் சிற்பங்கள். பன்னிரண்டு மாதங்களும் அவ்வம் மாதத்து வேலைகளோடு அதில் இருக்கின்றன. இலக்கணம், தர்க்கம், எண்கணிதம், இசை, வானியல் முதலிய கலைகளும் பெண் உருவங்களாக இருக்கின்றன. அறுவடைச் சிற்பம் எனக்கு வாய்த்தது. மூதூர்ப் பக்கத்து வயல்களில் அரிவாள் பிடிப்பவரை நினைத்துக்கொண்டு பேசியதால், வாக்கியங்கள் தாமாக வந்தன.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உம்பிரியாவின் பாணில் உப்பு இல்லை. முதல் வாரத்தில் அதை வெறும் வாயில் கடித்தவருக்கு ஏமாற்றம்தான். உப்புப் போர் எனப்படும் அந்த 1540 கிளர்ச்சிக்குப் பின் பாப்பரசரின் வரியைக் கட்ட மறுத்து மக்கள் உப்பைக் கைவிட்டார்கள் என்று கடைக்காரர் முதல் ஆசிரியர் வரை எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். பக்கத்து மாநிலமான டொஸ்கானாவிலும் பாண் உப்பில்லாமலே சுடப்படுவதால், நான் அந்தக் கதையை முழுதாக நம்பவில்லை. ஆனால் உப்புக்கூடிய பன்றித் தொடை வற்றலோடும் ஆட்டுப்பாற் கட்டியோடும் சாப்பிடும்போது அந்தப் பாண் சரியாகப் பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மட்டில், பெட்டிக்குள் கொண்டுபோயிருந்த கட்டைச் சம்பல் அதைவிடப் பொருத்தம்.

அலுவலகக் காரியங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ்களை இத்தாலிய மொழியில் பெயர்த்து உறுதிப்படுத்துவதற்கும் கொழும்பிலுள்ள தூதரகத்தில் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கும் மாதக்கணக்கில் அவகாசம் வைத்துக்கொள்ள வேண்டும். போய் இறங்கிய எட்டு வேலைநாட்களுக்குள் தபாலகத்தின் ஊடாக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிப்பது கட்டாயம். அங்கே தரும் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடக் கூடாது, அட்டை கைக்கு வரும்வரை அதுதான் ஆவணம். மாணவர் அனுமதியில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். ஆனால் சிறிய நகரத்தில், மொழி வருமுன் வேலை கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகவேண்டாம். பட்டப்படிப்புக்குச் சேர்பவர்கள், குடும்ப வருமானத்தை ஆதாரத்தோடு காட்டினால் மாநிலம் வழங்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை.

விடுமுறையில் பலேர்மோவுக்குப் போனேன். மாமா என்னை முதலில் அழைத்துப்போனது பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு. அங்கே வேதக்காரத் தமிழர் மட்டுமன்றிச் சைவர்களும் ஏறிப்போய் நேர்த்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. கடைக்காரரிடம் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீ கதைக்கிறது ரீவியில செய்தி வாசிக்கிற மாதிரிக் கிடக்கு பிள்ளை, இஞ்ச ஒருத்தரும் அப்படிக் கதைக்க மாட்டினம்" என்று மாமா சிரித்தார். இரவுச் சாப்பாட்டின்போது பெருஜாவின் கோட்டையைப் பற்றிச் சொன்னேன். "அவங்கள் இடிச்சதுதான் சரி" என்றார் அவர். எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் கோட்டையை 1860இன் பெருஜாக்காரர் போல யாராவது இடித்திருந்தால், வாசலில் இருக்கும் அந்தக் கல்வெட்டும் கயலும் இடிபாட்டோடு எந்தக் கடற்கரைக்குப் போயிருக்கும் என்று கேட்டேன். "கல்லை மட்டும் கழட்டி எடுத்திருக்கலாம்தானே" என்றார் மாமா. சங்கால்லோ செய்ததும் அதுதான் என்றேன். மாமி இருவருக்கும் சோறு போட்டுவிட்டு, பெருஜாவில் அரிசி என்ன விலை என்று கேட்டார்.