பித்தப்பை அறுவைச் சிகிச்சை: கோப்பில் சேராத ஒரு தாள்

பித்தப்பையை அகற்றிக்கொண்டு வீடு திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. காயங்கள் ஆறிவிட்டன, ஆனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு என் கோப்பில் சேராமல் போனதால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைத்தால் இன்னும் மனம் பதைக்கிறது. இதே சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

ஸ்கேனில் கற்கள் தெரிந்ததும், லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) என்று முடிவானதும், நாள் குறித்ததும் சிக்கலின்றி நடந்தன. முதல் தடங்கல் மருத்துவமனையில் சேர்ந்த அன்று இரவு வந்தது. இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை நான் சாப்பிட்டு வருகிறேன். படிவத்தில் அதைத் தெளிவாக எழுதியிருந்தும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மயக்க மருந்து மருத்துவர் வந்து பார்த்த பிறகுதான், ரத்தக்கசிவு அபாயம் இருப்பதாகக் கூறி அறுவைச் சிகிச்சையை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். பெட்டியோடு திரும்பி வந்தேன். இந்த மாத்திரையைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் ஸ்டென்ட் உள்ளவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்தவே கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கும் அறுவைக்கு மூன்று நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். நாள் குறிக்கும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த ஒரு வாரத்தில் கோப்பைப் புரட்டியபோதுதான் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை முடிவு அதில் இல்லை என்பதைக் கவனித்தேன். ரத்தம் கொடுத்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. கவுண்டரில் இருந்தவர் கணினியைக்கூடப் பார்க்காமல், "எல்லாம் சேர்த்தாச்சு, போங்க" என்றார். மறுநாள் மீண்டும் சென்று, தேடித் தரும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். அரை மணி நேரம் கழித்து வேறொருவருடைய ரசீதோடு பின் அடிக்கப்பட்டிருந்த என் தாளை எடுத்து நீட்டினார்கள். 1.2-க்குள் இருக்க வேண்டிய பிலிரூபின் (கூடினால் காமாலையைக் காட்டும் மஞ்சள் நிறமி) 3.1 என்று அதில் அச்சாகியிருந்தது. சில நாட்களாகச் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, மருத்துவரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அறுவை மருத்துவர் தாளைப் பார்த்ததும், அதன் பின்பக்கத்திலேயே பேனாவால் படம் வரைந்து விளக்கினார். கல் ஒன்று நழுவிப் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தில் அடைத்திருக்கலாம். அது தெரியாமல் பித்தப்பையை மட்டும் எடுத்தால் நாளத்தில் அழுத்தம் ஏறி, கிளிப் போட்ட முனையில் பித்தநீர் கசியலாம், காமாலையோ கணைய அழற்சியோ வரலாம் என்றார். சாதாரண அல்ட்ராசவுண்டில் நாளத்துக் கல் பல நேரம் கண்ணில் படுவதில்லையாம். பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஆறு மில்லிமீட்டர் கல் தெரிந்தது. இதய மருத்துவர் சொன்னபடி மாத்திரை ஏற்கெனவே நின்றிருந்ததால், வாய்வழி எண்டோஸ்கோபி மூலம் அதை எடுத்துவிட்டு, இரண்டு நாள் கவனித்த பின்பே பித்தப்பைக்கு வந்தார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், பித்தநாளத்தில் காயம் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னதை நன்றியோடு நினைக்கிறேன். பித்தப்பைக் குழாய், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரல் ஆகியவற்றுக்கு நடுவிலுள்ள முக்கோணப் பகுதியிலிருந்து கொழுப்பை முழுமையாக விலக்கி, பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, இரண்டே இரண்டு குழாய்கள் மட்டும் பித்தப்பைக்குள் நுழைவதைக் கண்ணால் கண்ட பிறகே எதையும் வெட்டுவேன் என்றார். 1995-இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை நிபுணரும் அவருடைய குழுவினரும் வலியுறுத்திய முறை இது. அப்படித் தெளிவாகத் தெரியாவிட்டால் பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவைக்கவோ வயிற்றைத் திறக்கவோ நேரலாம் என்றார். அதற்கும் மனமாரச் சம்மதித்தேன். உங்கள் மருத்துவரிடமும் இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. அன்று மாலையே எழுந்து நடக்க வைத்தார்கள். தோள்பட்டையில் வந்த வலி வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் மாத்திரைகளும் அடுத்து வர வேண்டிய தேதியும் மட்டுமே இருந்தன. எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று கேட்டு, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கண்ணில் மஞ்சள், வெளிறிய மலம், காயத்தில் பச்சையான கசிவு என்று செவிலியர் கையாலேயே எழுதி வாங்கினேன். கூடவே, இரவில் யாராவது எடுக்கும் தொலைபேசி எண்ணையும் கேட்டேன். அச்சிட்டிருந்த எண் மாலை ஆறு மணிக்கு மேல் ஒலிக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

எடுத்த பித்தப்பையின் திசுப் பரிசோதனை அறிக்கை பத்து நாள் கழித்து வந்தது. தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். நான் நேரிலேயே போய், பெயரும் நோயாளி எண்ணும் என்னுடையவைதானா என்று இரண்டு முறை சரிபார்த்து, கோப்பில் வைத்துக்கொண்டுதான் கவுண்டரை விட்டு நகர்ந்தேன்.