மெக்ரிட்சியில் துடுப்பும் பைனாகுலரும்

நவம்பர் 8, 2024, வெள்ளி

நாளைக்கு மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் கயாக்கில் போய்ப் பறவை பார்க்கப் போகிறோம். காலையிலேயே தண்ணீரில் இறங்கிவிட வேண்டும், இந்த மாதத்தில் சிங்கப்பூரில் மதியத்துக்கு மேல் எப்போது இடி இடிக்கும் என்று சொல்ல முடியாது, மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் கரையேற வேண்டியதுதான். இருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் சிறு படகான இரட்டைக் கயாக் ஆறு, பன்னிரண்டு பேர். எல்லாரும் ஒன் ஸ்டார் என்கிற அடிப்படைக் கயாக் பயிற்சி முடித்தவர்கள், அதனால் துடுப்பைப் பற்றிக் கவலை இல்லை, பேச்சைப் பற்றித்தான் கவலை. குழுவில் இரண்டு விஷயம் மட்டும் போட்டேன்: பைனாகுலரைக் கழுத்தில் மாட்டி லைஃப் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் சாப்பாடு வேண்டாம், பையைப் பார்த்தாலே குரங்குகள் வந்துவிடும்.

நவம்பர் 9, சனி

கிளம்பியதும் ஒரே சிரிப்பும் கூச்சலும், கரையோரம் ஒரு கொக்குகூட நிற்கவில்லை. அப்புறம் எல்லாரையும் ஓரிடத்தில் சேர்த்து, காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய்த் துடுப்பை மடியில் வைத்துவிடலாம், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்றேன். துடுப்பு மேலும் கீழும் வீசுவதுதான் பறவையை விரட்டுகிறது, தாழ உட்கார்ந்து சும்மா மிதந்து வருகிறவரை அது அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

அப்படி மிதந்தபோதுதான் பெரிய அலகு மீன்கொத்தி. தண்ணீர்மேல் சாய்ந்த கிளை, ரத்தச் சிவப்பில் தடித்த அலகு, அதில் துடிக்கும் மீன். கிளையில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி, மீன் அடங்கியதும் தலை முன்னால் வரும்படி திருப்பிப் போட்டு விழுங்கியது. அலகில் ஒட்டியிருந்த செதில் பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது! பன்னிரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

திரும்பும்போது உயரமான மரத்தில் சாம்பல்தலை மீன்கழுகு. பழுப்பு உடம்பு, வெள்ளைத் தொடை, வெள்ளை வாலின் நுனியில் கறுப்புப் பட்டை. உலக அளவில் குறைந்துவரும் பறவை, நகரத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மெக்ரிட்சி 1868இல் கட்டி முடித்த குடிநீர்த் தேக்கம். தண்ணீருக்காகக் காத்த காடுதான் இந்தக் கழுகுக்கும் இடம் கொடுக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

தோள்வலி. குழுவில் காலையிலிருந்து படங்கள், கூடவே ஒரு வாக்குவாதமும். நேற்று ஒரு கயாக் செந்நாரையை நெருங்கி நெருங்கிப் போய்க் கடைசியில் அது பறந்துவிட்டது. "பறந்தால் என்ன, இன்னொரு கரையில் உட்காரப்போகிறது" என்கிறார் நண்பர். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நாரை ஒரே இடத்தில் நெடுநேரம் அசையாமல் நின்றுதான் ஒரு மீனைப் பிடிக்கிறது, நாம் கிளப்பிவிட்டால் அந்தக் காத்திருப்பு முழுக்க வீண், வார இறுதியில் எத்தனை படகு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள் என்று எழுதினேன். கழுத்தை நீட்டி நம்மைப் பார்க்க ஆரம்பித்தாலே நிறுத்திவிட வேண்டும். சரி, அதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்தது பிப்ரவரியில், நான்கு கயாக் போதும். மழை குறைந்திருக்கும், வலசை வந்த நீலவால் பஞ்சுருட்டான் பறவைகளும் வடக்கே திரும்பியிருக்காது.