சந்தைக்குப் போன மாடு

மடிநோய்க்குக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி என்று ஆய்வகத்திலிருந்து முடிவு வந்துவிட்டால், கறவையில் இருக்கும் மாட்டைப் பற்றிச் சொல்ல நல்ல சேதி அதிகம் இருக்காது. மடித்திசுவுக்குள் சிறு சீழ்க்கட்டிகளை உண்டாக்கி அவற்றுக்குள் அந்தக் கிருமி ஒளிந்துகொள்வதால், காம்பு வழியே ஏற்றும் மருந்து அதைச் சரியாக எட்டுவதில்லை. சில நாள் பால் தெளியும், பிறகு மறுபடியும் திரியும். கறவையை நிறுத்தி வைக்கும் வற்றுக்காலத்தில் மருந்து ஏற்றினால் குணமாகும் வாய்ப்பு கூடுதல் என்றும், அதற்கும் அடங்காவிட்டால் மந்தையிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றும் நாங்கள் படித்திருக்கிறோம். ஈரோட்டுப் பக்கம் அப்படி நீக்கப்படும் மாடு கருங்கல்பாளையம் சந்தைக்குத்தான் போகும்.

அப்படி முடிவு வந்த ஒரு மாட்டுக்கார அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கி முடித்தபோது அவர் கேட்டார்: "அப்ப வித்துப் போடலாமுங்களா டாக்டர்? சொல்லித்தான் விக்கோணுங்களா?"

"விக்கறது உங்க இஷ்டமுங்கம்மா" என்றேன். இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

என் வேலை மாட்டுக்கு மருத்துவம் பார்ப்பது, விற்பனையில் தலையிடுவது அன்று என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கடனில் வாங்கிய ஒற்றை மாடு அது. நோயைச் சொன்னால் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். மேலும், சந்தையில் வாங்குகிறவர் குருடர் அல்லர். மடியை அமுக்கி, ஒவ்வொரு காம்பிலும் பால் பீய்ச்சிப் பார்த்துத்தான் துண்டுக்கடியில் கை கொடுப்பார். ஆனால் அன்று அந்தப் பால் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. மடிநோயைக் கண்டறியும் கலிஃபோர்னியா சோதனைக் கரைசலை ஊற்றித் தட்டைச் சுழற்றிய பிறகுதான் இடது பின்காம்புப் பால் மட்டும் நுங்குபோல் இறுகித் திரண்டது. சந்தைக்கு யாரும் அந்தத் தட்டை எடுத்துப் போவதில்லை என்பது எனக்குத் தெரியாததா?

வாங்கியவர் வீட்டில் வேறு மாடுகள் இருந்திருந்தால், கறக்கிற கையோடும் துடைக்கிற துணியோடும் கிருமி அவற்றுக்கும் போயிருக்கும். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நோய் இருப்பதே தெரியாதவருக்கு அந்த அறிவுரையால்தான் என்ன பயன்?

அந்தக் காம்பை மட்டும் வற்ற விட்டு மற்ற மூன்றில் கறக்கலாம் என்றும் சொல்லியிருந்தேன். அதுவே போதுமான பதில் என்று சில நாள் தோன்றும். ஆனால் பால் குறைந்தாலும் தீவனச் செலவு அவ்வளவாகக் குறையாது. சொசைட்டிப் பணத்திலிருந்துதான் அவர் தவணையும் கட்ட வேண்டும். "சொல்லித்தான் விற்க வேண்டும்" என்று நான் கறாராகச் சொல்லியிருந்தால் அவர் தரகரிடம் மாட்டை ஒப்படைத்திருப்பார். தரகர் சொல்லியிருக்கப் போவதில்லை. இந்தச் சமாதானம் எனக்கு வசதியாக இருக்கிறது என்பதே அதை நம்பத் தயங்க வைக்கிறது. புதிதாக மாடு வாங்கப் போகிறவர்களிடம் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியாகச் சோதித்து வாங்குங்கள் என்று இப்போது விடாமல் சொல்கிறேன். விற்கப் போகிறவர்களிடம் அந்த அளவுக்கு வாய் வருவதில்லை.