நாட் என்றால் முடிச்சுதான்

புயல் செய்தியில் "மணிக்கு 40 நாட் வேகத்தில் காற்று" என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த 'மணிக்கு' தேவையே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் போனால்தான் ஒரு நாட். மணி ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது.

சரி, வேகத்துக்கு ஏன் முடிச்சு என்று பெயர்? பாய்மரக் கப்பல் காலத்தில் நிஜமாகவே முடிச்சுகளைத்தான் எண்ணினார்கள். கால்வட்ட வடிவில் ஒரு மரப்பலகை, வளைந்த ஓரத்தில் ஈயம் வைத்திருப்பதால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். அதை நீளமான கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கமாகக் கடலில் போடுவார்கள். பலகை கிட்டத்தட்ட விழுந்த இடத்திலேயே நிற்க, கப்பல் விலகிப் போகப் போக, ஒருவர் தூக்கிப் பிடித்திருக்கும் உருளையிலிருந்து கயிறு கடகடவென்று ஓடும். கப்பலுக்குப் பின்னால் தண்ணீர் கலங்கியே இருக்கும் என்பதால் முதல் கொஞ்ச நீளத்துக்கு முடிச்சே கிடையாது, அது முடியும் இடத்தில் ஒரு துணித்துண்டு மட்டும். துணி கையைத் தாண்டியதும் மணற்கடிகாரத்தைத் திருப்புவார்கள். 28 விநாடி. மணல் தீர்ந்ததும் கயிற்றை இறுக்கிப் பிடித்து, எத்தனை முடிச்சு போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐந்து முடிச்சு என்றால் ஐந்து நாட்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த இடைவெளிதான். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். ஒரு மணி நேரத்தில் 28 விநாடி எத்தனையில் ஒரு பங்கோ, 6,080 அடிக் கடல் மைலில் 47 அடி 3 அங்குலமும் கிட்டத்தட்ட அதே பங்கு. கணக்கு முழுவதையும் கயிற்றிலேயே போட்டு வைத்துவிட்டார்கள், ஆடுகிற கப்பலில் நின்று எண்ணத் தெரிந்தால் போதும்! ஆனால் நனைந்து காய்ந்து கயிற்றின் நீளம் மாறிவிடும், ஈரக்காற்றில் மணல் மெதுவாக இறங்கும், அதனால் அடிக்கடி அளந்து சரிபார்க்க வேண்டியிருந்தது.

1574-இல் ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் எழுதிய கடற்பயண நூலிலேயே பலகையும் கயிறும் வந்துவிட்டன. முடிச்சுகள் அதற்குப் பிறகு வந்தவை. அப்புறம், அந்தப் பலகைக்குப் பெயர் லாக், அது காட்டிய வேகத்தைக் குறித்து வைத்த புத்தகம்தான் லாக் புக், கணினியில் நாம் செய்கிற லாகினும் அந்த வழியில் வந்த சொல்தான்.

கிலோமீட்டரில் தெரிய வேண்டும் என்றால் இரட்டிப்பாக்கிப் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 40 நாட்டுக்கு 72 வரும், உண்மையில் 74. அந்தக் கிலோமீட்டருக்கு முன்னால் 'மணிக்கு' தாராளமாகப் போடலாம்.